ஊருக்குப் போகும்வரை பல் காத்திருக்குமா?

மும்பையில் வாழும் நம்மவர்கள் எதை வேண்டுமானாலும் ஊர்ப் பயணத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை எல்லாமே "ஊருக்குப் போகும்போது"தான். இவற்றில் பெரும்பாலானவை காத்திருக்கும். குலதெய்வம்கூட ஓர் ஆண்டு பொறுத்துக்கொள்ளும். காத்திருக்காத ஒன்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். அது சொத்தைப் பல்.

தாராவியில் முறுக்கு, சேவு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். சில மாதங்களுக்கு முன் பார்த்தபோது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பல் வலியா?"

"ஆமா தம்பி, ரெண்டு மாசமா இருக்கு. மாத்திரை போட்டா நிக்கி. கொடைக்கு ஊருக்குப் போவும்போது பாத்துக்கிடலாம்னு இருக்கேன்."

போனார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். கையில் இருந்த பன்னிரண்டு நாளில் கோவில் கொடை, ஒரு கல்யாணம், ஒரு துக்க வீடு. பல் டாக்டரிடம் போனபோது மிச்சம் இருந்தது இரண்டே நாள். "வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே கேப் போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், ஆனால் மூன்று நான்கு முறை வரவேண்டும்" என்றார் டாக்டர். அண்ணாச்சிக்கு நேரம் ஏது? பிடுங்கிப் போட்டுவிட்டு ரயில் ஏறினார். இதே கதை இதற்கு முந்திய இரண்டு பயணங்களிலும் நடந்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னார். மூன்று பயணம், மூன்று கடைவாய்ப் பல். இப்போது தாம் சுடும் முறுக்கையே அவரால் கடித்துப் பார்க்க முடியவில்லை.

வலி வருமுன் நடப்பது

பல்லின் மேற்பூச்சான எனாமல், மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடக் கடினமானது. ஆனால் அதற்கு உணர்ச்சி கிடையாது. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, அரித்த இடத்துக்குக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தருகிறது. இந்த இழுபறி தினமும் நடக்கிறது. அரிப்பு கை ஓங்கினால் சொத்தை விழும்.

இங்கேதான் நம்முடைய "கட்டிங் சாய்" வந்து நிற்கிறது. ஆபீஸ் ஆனாலும் ஒர்க்‌ஷாப் ஆனாலும் மணிக்கு ஒரு தடவை அரை கிளாஸ் டீ. ஒவ்வொரு முறையும் சர்க்கரை உள்ளே போனதும் அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், வாயில் அமிலம் நிற்கும். ஒரு நாளைக்கு எட்டு டீ என்றால் எச்சிலுக்கு மராமத்து செய்ய இடைவெளியே கிடைப்பதில்லை. ஆகவே எவ்வளவு சர்க்கரை தின்கிறோம் என்பதைப் போலவே எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் முக்கியம் என்கிறார்கள் டாக்டர்கள். டீயை விட்டுவிடு என்று மும்பைக்காரனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குடித்தபின் ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கலாம், சர்க்கரையைக் குறைக்கலாம்.

எனாமலில் மட்டும் ஓட்டை இருக்கும்வரை வலி தெரியாது. அடுத்த அடுக்குக்கு இறங்கியதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கும், இனிப்புக் கூசும். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மையப் பகுதியைத் தொட்டதும் ராத்திரி தூக்கம் போய்விடும். படுத்தால் வலி கூடும். சூடு பட்டால் துடிக்கும். நம்மவர்கள் மாத்திரையும் கிராம்பு எண்ணெயுமாகச் சில நாட்களை ஓட்டுவார்கள். பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள்.

சரியாகவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது; வலியைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கிருமிகள் வேர் நுனிவழியே தாடை எலும்பில் இறங்கிச் சீழ் கட்டும். ஈறில் சின்னக் கொப்புளம் தோன்றி உடைவதும் மறுபடி வருவதும் இதன் அடையாளம். தாடைக்கு அடியில் வீங்கிக் காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால், அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைபடும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காலைவரை காத்திருக்கிற விஷயம் அல்ல அது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை: வலிக்கிற பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரினை அடக்கிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கும். பல்லுக்கு ஒன்றும் செய்யாது.

கீமேன் நடக்கிற நடை

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிக்கொண்டு தமக்குரிய பாதை முழுவதையும் தினமும் நடந்தே பார்த்துவருவார். நேற்று எந்த வண்டியும் தடம் புரளவில்லையே, இன்று எதற்கு நடக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி புரண்ட பிறகு போகிறவர் கீமேன் அல்ல. அதற்கு வேறு ரயில் இருக்கிறது, செலவும் வேறு.

பல் பரிசோதனையும் கீமேன் வேலைதான். டாக்டர் சின்னக் கண்ணாடியாலும் கூரிய கருவியாலும் ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் கண்ணாடியின் காம்பால் மெல்லத் தட்டுவார். முன்காலத்தில் வண்டி நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டார்களே, அதுபோல. இரண்டு பல்லுக்கு நடுவில் விழும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. சிறிய எக்ஸ்ரே எடுத்தால்தான் பிடிபடும். வேரைத் தொடாத ஓட்டை என்றால் ஒரே தடவையில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். அதையே ஓராண்டு தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை, கேப் என்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும். இன்னும் தள்ளினால் பிடுங்குவதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இது எல்லோருக்கும் பொருந்தும் வேதவாக்கு அல்ல. பிரிட்டனில் 2004-ல் வெளியான அரசு வழிகாட்டுதலே ஆளுக்கு ஏற்ப 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி இருக்கலாம் என்றுதான் சொன்னது. நல்ல பல், நல்ல ஈறு, புகையிலைப் பழக்கம் இல்லை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை போனாலும் குற்றமில்லை என்பது என் அபிப்பிராயம். சர்க்கரை வியாதிக்காரர்கள், புகையிலை போடுகிறவர்கள், ஏற்கெனவே நான்கைந்து பல்லை அடைத்திருப்பவர்கள் அப்படி இருக்கக்கூடாது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்கு வராது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

அடைத்த பல்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைப்பு ஆயுள் முழுக்க நிற்பதில்லை. ஓரத்தில் விரிசல் விட்டால் அதற்கடியில் புதிய சொத்தை கிளம்பும். வெள்ளி நிற அடைப்பில் பாதரசம் கலந்திருக்கும். பாதரச உபயோகத்தைக் குறைக்கும் மினமாட்டா சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. இப்போது பெரும்பாலும் பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்கள். அதற்காக உறுதியாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லி ஓடவேண்டாம்.

பாதியில் விட்ட பல்

வேர் சிகிச்சையில் நம்மவர்கள் செய்யும் காரியம் ஒன்று டாக்டர்களை மிகவும் சலிக்க வைக்கிறது. முதல் நாள் பல்லைத் திறந்து, உள்ளே அழுகிய நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். அன்றோடு வலி நின்றுவிடும். "வலிதான் போய்விட்டதே, இனி எதற்குச் சம்பளத்தை இழந்து அங்கே போவது?" என்று ஆள் நின்றுவிடுவார். தற்காலிக அடைப்பு சில வாரங்களே தாங்கும். அது கரைந்ததும் எச்சிலும் சோறும் கிருமியும் நேரே வேருக்குள் இறங்கும். ஆறு மாதம் கழித்து வீங்கிய கன்னத்தோடு வருவார். அப்போது பல்லைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

இன்னொரு கூட்டம் வேரை அடைத்து முடித்துவிடும். கேப் மட்டும் போடாது. கேப் என்பது அழகுக்கு என்று நினைப்பு. முன்பல்லில் வேண்டுமானால் சில சமயம் கேப் இல்லாமல் ஒப்பேற்றலாம். கடைவாய்ப் பல்லில் முடியாது. சொத்தையும் சிகிச்சையும் தோண்டியதுபோக மிச்சம் இருப்பது மெல்லிய சுவர். அதன்மேல் தினமும் உரல் இடிப்பதுபோல் மென்றால் ஒரு நாள் நெட்டுக்குப் பிளந்துகொள்ளும். பிளந்தால் வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் போச்சு.

சரி, பிடுங்கினால்தான் என்ன, முப்பத்திரண்டில் ஒன்றுதானே என்பவர்கள் உண்டு. கடைவாயில் ஒரு பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியை நோக்கிச் சாயும். எதிர்த் தாடையில் உள்ள பல் மோத ஆள் இல்லாமல் மெல்ல நீண்டு இறங்கும். சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி அதுவும் சொத்தையாகும். மனிதன் மறுபக்கமாகவே மென்று, அந்தப் பக்கத்தையும் தேய்ப்பான். அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தில் கழற்றி மாட்டும் பல்லோ நிரந்தரமாகக் கட்டும் பல்லோ எப்போது வைப்பது என்பதையும் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவேண்டும்.

பூச்சியும் கண் பார்வையும்

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்கிறோம். கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடித்துப் பூச்சியை இறக்குவது ஊரில் பழைய வைத்தியம். இங்கும் சந்தை ஓரங்களில் பஞ்சில் சுற்றிய புழுவைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. பல்லுக்குள் புழு என்று ஒன்று கிடையாது. பிரான்ஸ் தேசத்துப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட நூலிலேயே இதை மறுத்துவிட்டார். கிருமிகள் உண்டாக்கும் அமிலமே காரணம் என்று அமெரிக்கரான மில்லர் பெர்லினில் ஆராய்ந்து 1890-ல் விளக்கினார். புழுவின் வயது நம் சந்தைகளில் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது இன்னொரு பயம். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தக் காலத்தில் வயதானவர்களுக்குப் பல் போன காலமும் கண் மங்கிய காலமும் ஒன்றாக வந்திருக்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்பதும் அப்படித்தான். வருடக்கணக்கில் படிந்த காறை ஈறைத் தின்று, எலும்பையும் கரைத்திருக்கும். பல்லை அந்தக் காறையே சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. பழி டாக்டர்மேல் விழுகிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் சிலருடைய பல்லில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அது அழுக்கு அல்ல. அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதில், பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஏறிய கறை அது. செங்கல் தூளும் கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் போகும். (அங்கே 2013 முதல் ஒகேனக்கல் குடிநீர் வந்திருப்பது அடுத்த தலைமுறைக்கு நல்ல செய்தி.) ஃபுளோரைடு அளவோடு இருந்தால் பல்லுக்கு நண்பன். அது கலந்த பற்பசையால் காலையிலும், முக்கியமாக இரவு படுக்குமுன்னும் துலக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு. காவல்காரன் இல்லாத நேரம் அதுதான்.

மிஸ்ரி என்னும் வினை

இந்த ஊரில் வந்து நம்மவர்கள் கற்றுக்கொண்ட பழக்கங்களில் மோசமானது மிஸ்ரி. புகையிலையை வறுத்துப் பொடித்த கருந்தூள். நம் பெண்கள்கூட அக்கம்பக்கத்தாரைப் பார்த்துப் பல் வலிக்கென்று தொடங்குகிறார்கள். ஈறு மரத்துப்போவதால் வலி அடங்கியதுபோல் இருக்கும். பிறகு காலையில் அது இல்லாமல் தலை வலிக்கும். பற்பொடி, பற்பசைகளில் புகையிலை சேர்க்கக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. குட்காவுக்கு மகாராஷ்டிராவில் 2012-ல் தடை வந்தது. தடை காகிதத்தில் இருக்கிறது. பொட்டலம் கடை மூலையில் இருக்கிறது.

புகையிலை, பாக்கு, மாவா போடுகிறவர்களுக்குப் பல் டாக்டர் பார்ப்பது பல்லை மட்டுமல்ல. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி எல்லாவற்றையும் பார்ப்பார். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவை புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பாக்கு அதிகம் மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உள்தசை கயிறுபோல் இறுகி வாய் திறப்பது குறையும். மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். பரேலில் 1941 முதல் இயங்கும் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி வாசலில் வாய்ப் புற்றுநோய்க்காகக் காத்து நிற்கும் ஏழைகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பல்லைக் காட்டப் போன இடத்தில் இது ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பரிசோதனை உயிரையே காப்பாற்றியதாகும்.

எங்கே போவது?

தனியார் கிளினிக் செலவுக்குப் பயந்து நடைபாதைப் பல் கட்டுபவரிடம் போகாதீர்கள். சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் கருவி. ஒருவர் வாயில் போட்ட குறட்டைக் கொதிக்க வைக்காமல் அடுத்தவர் வாயில் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி வந்து சேரும். அவர்கள் பசையும் கம்பியும் வைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடும் செயற்கைப் பல்லோ, ஈறை அழுகவைத்து நல்ல பல்லையும் கூட்டிக்கொண்டு போகும்.

மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, 1933-ல் தொடங்கியது. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், செயிண்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில், அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் வெளியே ஆகிற செலவில் சிறு பங்குதான் ஆகும். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் வேலை செய்வார்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். அவசரமாக அரை மணியில் முடித்து அனுப்புவதைவிட அதுவே மேல் என்பேன். காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் எடுத்துவிட வேண்டும்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதை ஜுரத்துக்கும் லீவு சர்ட்டிபிகேட்டுக்கும் மட்டும் என்று எண்ணுகிறார்கள். 2019 ஜூலை முதல் நூறு ரூபாய் சம்பளத்தில் முக்கால் ரூபாய் நம்மிடம் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். ரயில்வே சகோதரர்களுக்குப் பைகுல்லாவிலும் மும்பை சென்ட்ரல் ஜகஜீவன்ராமிலும் நமது ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன.

போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் பால்பல் அல்ல, விழுந்து முளைக்காது. பெற்றோர் பலருக்கு இது தெரியாமல் பத்து வயதுக்குள் அது சொத்தையாகிவிடுகிறது.

மொழி தெரியாமல் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பதற்கு மராத்தியில் "தாட் துக்தே". குளிர்ச்சியும் சூடும் கூசுகிறது என்பதற்கு இந்தியில் "டண்டா கரம் லக்தா ஹை". ஈறு இந்தியில் "மசூடா". வீக்கம் "சூஜன்". இன்னும் ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நிகால்னா நஹீ, பசானா ஹை." பிடுங்க வேண்டாம், காப்பாற்ற வேண்டும் என்று அர்த்தம். நீங்கள் கேட்டால்தான், அவசரக் கூட்டத்தில் டாக்டரும் இன்னொரு முறை யோசிப்பார்.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 60 நாள். டிக்கெட் எடுக்கிற அன்றைக்கே பல்லையும் காட்டிவிட்டால், வேர் சிகிச்சையே தேவைப்பட்டாலும் வண்டி ஏறுமுன் முடித்துவிடலாம். முடியாமல் போனால் எக்ஸ்ரேயையும் கேஸ் பேப்பரையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பல், எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பது அதில் இருக்கும். ஊர் டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.